இறகுத் தூண்டிலும் குளிர்ந்த ஆறும்

மாணவ நண்பர்களே, ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். திறந்த வெளியில் நின்று ஒரு கூழாங்கல்லை உங்களால் இயன்ற மட்டும் வீசி எறியுங்கள். முப்பது, நாற்பது மீட்டர் தொலைவில் போய் விழும். இப்போது ஒரு கோழி இறகை எடுத்து அதே வலிமையுடன் எறியுங்கள். அது இரண்டு முழம் கூடப் போகாது. காற்றில் தள்ளாடி உங்கள் காலடியிலேயே விழும்.

நம் ஊர்க் குளக்கரையில் தூண்டில் போடுகிறவருக்கு இது ஒரு தொல்லையே அல்ல. நரம்பில் ஓர் ஈயக்குண்டைக் கட்டிக் கொள்கிறார். குண்டு போகும் இடத்துக்கு மண்புழுவும் கொக்கியும் கூடவே போகின்றன. ஆனால் ஈயக்குண்டு இல்லாமல், தக்கை இல்லாமல், மண்புழுவும் இல்லாமல், ஒரு சிறு கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலச் செய்து, அதைப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள இடத்தில் ஓசையின்றி இறக்குகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். இந்த மீன்பிடிக் கலைக்கு ஆங்கிலத்தில் ஃபிளை ஃபிஷிங் என்று பெயர். நாம் இதை ஈத் தூண்டில் என்று அழைப்போம். இதில் பிடிபடும் மீன்களுள் புகழ் பெற்றது டிரவுட்.

எறிய முடியாத இறகை இவர்கள் எப்படி எறிகிறார்கள்? மீன் அதைப் பூச்சி என்று நம்புவது எதனால்? குளிர் மிகுந்த நாள்களில் மீன் எங்கே இருக்கும்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. வாருங்கள், ஓர் ஆற்றங்கரைக்குப் போவோம்.

மாடிசன் ஆற்றங்கரையில்

அமெரிக்காவில் 1872-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் மாடிசன் ஆறு பிறக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,070 மீட்டர் உயரத்தில் உள்ள இடம் அது. நம் உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர் என்பதை நினைவில் கொண்டால் அந்த உயரம் உங்களுக்கு விளங்கும். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் அங்கே குளிர் மிகக் கடுமை.

இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்கள், அதாவது அக்டோபர் பிற்பகுதி. காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கிறது. நூலில் ஒட்டி வரும் நீர், தூண்டில் கோலின் சிறு வளையங்களில் உறைந்து பனிக்கட்டியாகி வளையத்தை அடைத்துக் கொள்கிறது. அவ்வப்போது விரலால் அதைத் தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குளிரிலும் இடுப்பளவு நீரில், நீர் புகாத நீண்ட காலுறை அணிந்து ஒருவர் நிற்கிறார். ஆற்றின் இப்பகுதியில் ஈத் தூண்டில் தவிர வேறு எதையும் பயன்படுத்த அனுமதி இல்லை. கொக்கியில் எதிர்முள்ளும் இருக்கக் கூடாது. பிடித்த மீனைக் காயமின்றித் திரும்ப விடுவதற்காகவே இந்த விதி.

எறிவது எதை?

அவர் கையிலுள்ள கோலை வானை நோக்கிப் பின்னால் வீசுகிறார். பருமனான நூல் அவர் தலைக்குப் பின்னால் காற்றில் நீண்டு விரிகிறது. அது முழுவதும் விரியும் வரை ஒரு கணம் காத்திருக்கிறார். பிறகு கோலை முன்னால் வீசிச் சட்டென்று நிறுத்துகிறார். நூல் ஒரு குறுகிய வளைவாகி, பாய் விரிவது போல் முன்னோக்கி உருண்டு விரிகிறது. கடைசியில் கொக்கி நீரில் மெல்ல இறங்குகிறது.

இரகசியம் இதுதான்: அவர் எறிந்தது கொக்கியை அன்று, நூலை! குளத்துத் தூண்டிலில் குண்டு நூலை இழுத்துச் செல்கிறது. ஈத் தூண்டிலில் நூலே குண்டு. எடை ஓரிடத்தில் திரண்டிராமல் நூலின் நீளம் முழுவதும் பரவியிருக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போமா? இந்த நூல்களை எடையைக் கொண்டு எண்ணிட்டு விற்கிறார்கள். பரவலாகப் பயன்படும் 5-ஆம் எண் நூலின் முன்பகுதி, 9 மீட்டர் நீளம், ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ளது. இது விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது அல்லவா? 0.0045 × 225. ஏறத்தாழ 1 ஜூல். இறகு சுற்றிய சிறு கொக்கியின் நிறை 20 மில்லிகிராம் என்று கொண்டால், அதே வேகத்தில் அதன் ஆற்றல் 0.00225 ஜூல் மட்டுமே. அதாவது நூலின் ஆற்றலில் 450-இல் ஒரு பங்கு. தேருக்குப் பின்னால் கட்டிய பூச்சரம் போலக் கொக்கி வெறுமனே கூடப் போகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோலை நிறுத்தியதும் வளைவின் கீழ்ப்பக்க நூல் கோலோடு நின்றுவிடுகிறது. மேற்பக்க நூல் மட்டும் பறக்கிறது. வளைவு உருண்டு செல்லச் செல்ல, பறக்கும் பகுதியின் நீளம் குறைந்து கொண்டே வருகிறது. அதே ஆற்றல் குறைந்த நிறையில் அடங்க வேண்டுமானால் வேகம் கூடத்தானே வேண்டும்? இழப்பே இல்லை என்று கொண்டால், பறக்கும் நூல் பாதியாகும்போது வேகம் 15-இலிருந்து 21 மீட்டராக உயரும். உண்மையில் காற்றின் தடை இதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

மாட்டுக்காரச் சிறுவன் சொடுக்கும் சாட்டை நினைவுக்கு வருகிறதா? அதுவும் இதே தத்துவம்தான். நுனியை நோக்கி மெலிந்து செல்லும் சாட்டையில் ஆற்றல் நுனிக்கு வந்து சேரும்போது நுனியின் வேகம் ஒலியின் வேகத்தையே தாண்டிவிடுகிறது. அதனால் எழும் அதிர்ச்சி அலையே ‘படீர்’ என்ற ஓசை. ஈத் தூண்டில்காரருக்கு அந்த ஓசை ஆகாது. எனவேதான் நூலின் நுனியில் இரண்டரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள மெல்லிய நைலான் நரம்பைக் கட்டுகிறார். அந்த நரம்பின் மீது காற்றின் தடை எஞ்சிய ஆற்றலை உறிஞ்சிக் கொள்கிறது. கொக்கி, பூச்சி இறங்குவது போல் இறங்குகிறது.

நீரின் தோல்

கொக்கி எஃகால் ஆனது. எஃகு நீரில் மூழ்க வேண்டுமே, ஏன் மிதக்கிறது? ஒரு தம்ளர் நீரின் மேல் தையல் ஊசியைப் படுக்கை வாட்டில் மெல்ல வைத்துப் பாருங்கள். மிதக்கும். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்து கொள்கிறது. இதைப் பரப்பு இழுவிசை என்கிறோம்.

நீரும் பொருளும் தொடும் கோட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லி நியூட்டன் விசையை இந்தத் தோல் தாங்கக் கூடும். நம் 20 மில்லிகிராம் கொக்கியின் எடையோ 0.2 மில்லி நியூட்டன்தான். கொக்கியைச் சுற்றிச் சிலிர்த்து நிற்கும் இறகின் மயிர்கள் பல இடங்களில் நீரைத் தொடுவதால் தொடுகோட்டின் மொத்த நீளம் கூடுகிறது. மயிர்களில் எண்ணெய்ப் பசை தடவுவது, நீர் அவற்றை நனைக்காமல் இருப்பதற்காக. உண்மையான பூச்சிகளும் இதே தோலின் மேல்தான் நிற்கின்றன. அக்டோபரில் மேகம் மூடிய பிற்பகல்களில், அரிசி மணி அளவுள்ள சிறு மே பூச்சிகள் நீருக்கடியிலிருந்து மேலே வந்து, சிறகு விரித்து, பறக்கும் நேரம் வரை நீரோடு மிதந்து செல்லும். டிரவுட் அண்ணாந்து பார்த்துக் காத்திருப்பது அவற்றுக்காகத்தான்.

மீனின் சன்னல்

அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு என்ன தெரியும்? ஒளியியல் பாடத்தில் மாறுநிலைக் கோணம் படித்திருப்பீர்கள். நீருக்கு அது ஏறத்தாழ 48.6 பாகை. வெளியுலகம் முழுவதும், அடிவானம் உட்பட, மீனின் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சன்னல் வழியாக மட்டுமே அதன் கண்ணுக்கு வருகிறது. வட்டத்துக்கு வெளியே முழு அக எதிரொளிப்பால் ஆற்றின் அடித்தரையே கண்ணாடியில் தெரிவது போல் தெரியும்.

இந்தச் சன்னலின் விட்டம் மீனின் ஆழத்தைப் போல் 2.27 மடங்கு. அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்குச் சன்னல் 113 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு வெறும் 23 சென்டிமீட்டர்! மேற்பரப்புக்கு அருகில் நின்று பூச்சி தின்னும் மீனின் முன் கொக்கியைத் துல்லியமாக இறக்க வேண்டும் என்பது இதனால்தான். ஒரு முழம் தள்ளி விழுந்தால் அது சன்னலுக்குள் வராது.

இப்போது மீன் பிடிப்பவரைக் கவனிப்போம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் மீனிலிருந்து 10 மீட்டர் தொலைவில் நீரோரமாக நிற்கிறார். நீர்மட்டத்திலிருந்து பார்த்தால் அவர் ஏறத்தாழ 9.6 பாகை உயரம் தெரிவார். ஒளி விலகலுக்குப் பின் மீனின் கண்ணில் அவர் சன்னல் விளிம்பை ஒட்டி ஒரு பாகைக்குள் நசுங்கிப் போகிறார். அவரே 5 மீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டால் ஏறத்தாழ 3.4 பாகை! தொலைவு பாதியானதும் அவர் மீனுக்கு நான்கு மடங்கு பெரியவராகத் தெரிகிறார். சைன் மதிப்புகளைக் கொண்டு இதை நீங்களே சரி பார்க்கலாம். தொலைவில் நிற்க வேண்டும், குனிந்து நிற்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது மூடநம்பிக்கை அல்ல, ஸ்நெல் விதி!

மனிதர் மீனைப் பார்ப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. வானத்தின் ஒளி நீரில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசச் செய்கிறது. நீரின் மேல் 53 பாகைப் படுகோணத்தில் பட்டு வரும் இந்த ஒளி முழுவதும் தளவிளைவு அடைந்தது. தளவிளைவுக் கண்ணாடி அணிந்தால் அது பெரும்பாலும் மறைந்து, நீருக்கடியில் உள்ள கற்களும் மீனின் நிழலும் தெரியத் தொடங்கும்.

மீன் எங்கே நிற்கும்?

ஓடும் நீரில் ஒரே இடத்தில் நிற்பதற்கே மீன் நீந்த வேண்டும். நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதை எதிர்த்துச் செலவிடும் திறன் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எனவே நீரோட்டம் பாதியாக உள்ள இடத்தில் நின்றால் செலவு எட்டில் ஒரு பங்காகிறது. பாறைக்குப் பின்னால், ஆற்றின் அடித்தரையை ஒட்டி, வளைவின் உட்புறத்தில் வேகம் குறைவு. ஆனால் உணவைக் கொண்டு வருவதோ வேகமான நீர். ஆகவே மெதுவான நீரில் நின்று, வேகமான நீரை எட்டிப் பிடிக்கும்படியான எல்லைக் கோட்டில் டிரவுட் இடம் பிடித்துக் கொள்கிறது. வரவுக்கு மேல் செலவு செய்யாத சிக்கனக்காரர்!

இந்த வேக வேறுபாடு தூண்டில்காரருக்கு ஒரு சோதனை. நூல் வேகமான நீரில் கிடக்க, கொக்கி மெதுவான நீரில் கிடந்தால், நூல் வில்லாக வளைந்து கொக்கியை இழுக்கிறது. உண்மைப் பூச்சி நீரோடு போகிறது. இதுவோ நீரைக் கிழித்துக் கொண்டு போகிறது. நீரை ஒப்பிட்ட அதன் சார்பு வேகம் சுழி அல்ல. மீன் இதைக் கண்டு ஒதுங்கிவிடும். எனவே அவர் கோலின் ஒரு சிறு அசைவால் நூலின் நடுப்பகுதியைத் தூக்கி மேற்புறமாக, நீர் வரும் திசையில் போடுகிறார். அடுத்த சில விநாடிகளுக்குக் கொக்கி சுதந்திரமாக மிதக்கும். அந்தச் சில விநாடிகளுக்குத்தான் இவ்வளவு பாடும்.

குளிரின் கணக்கு

மீன் குளிர்க்குருதி விலங்கு. நீரின் வெப்பநிலையே அதன் உடல் வெப்பநிலை. வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆனால் நீரில் கரையும் ஆக்சிஜனோ வெப்பம் ஏற ஏறக் குறைகிறது. கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் நீரில் 5 பாகை சென்டிகிரேடில் 12.8 மில்லிகிராம் கரையும். 20 பாகையில் 9.1 மில்லிகிராம் மட்டுமே. மாடிசனின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இதிலும் ஐந்தில் ஒரு பங்கு போல் கழித்துக் கொள்ள வேண்டும். தேவை கூடும்போது வரவு குறைகிறது. நீர் 20 பாகையை நெருங்கினால் பழுப்பு டிரவுட் இரை எடுப்பதைக் குறைக்கிறது. 25 பாகையை ஒட்டி உயிருக்கே ஆபத்து.

வெப்ப நாடுகளில் டிரவுட் ஏன் மலையுச்சிகளில் மட்டும் வாழ்கிறது என்பதும் இப்போது விளங்குகிறதல்லவா? ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. நீலகிரியில் 1907-ஆம் ஆண்டை ஒட்டி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து டிரவுட்டை வளர்த்தார்கள். இலங்கையில் நுவரெலியாவின் உயரங்களுக்கும் அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதே. மாடிசனின் பழுப்பு டிரவுட்டும் அந்த மண்ணின் மீன் அன்று. 1883-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு முட்டைகளாக வந்த இனம் அது. வந்த இடத்தில் அது சில உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக் கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாடிசனுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் தாய் ஆறான ஃபயர்ஹோல், வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த பள்ளத்தாக்கு வழியாக வருகிறது. அந்த உயரத்தில் நீர் 93 பாகையிலேயே கொதிக்கும். 80 பாகையில் உள்ள ஒரு கிலோகிராம் நீரை, 4 பாகையில் உள்ள 19 கிலோகிராம் ஆற்று நீரோடு கலந்தால் என்ன ஆகும்? கலவை முறைப்படி கணக்கிடுங்கள், 7.8 பாகை. சிறிதளவு வெந்நீர் கூட ஆற்றை எவ்வளவு மாற்றிவிடுகிறது பாருங்கள்! மற்ற ஆறுகள் சில்லிட்டுப் போகும் நாள்களிலும் இங்கே பூச்சிகள் வெளிவருகின்றன. மீன்கள் இரை எடுக்கின்றன.

ஆனால் இதே வெந்நீர் கோடையில் எதிரியாகிவிடுகிறது. 2007-ஆம் ஆண்டுக் கோடையில் ஃபயர்ஹோலில் வெப்பம் தாங்காமல் டிரவுட்கள் செத்து மிதந்தன. வெப்பம் மிகுந்த கோடைகளில் இந்த ஆறுகளில் மீன் பிடிப்பதையே பூங்கா அதிகாரிகள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தூண்டிலில் போராடிக் களைத்த மீனுக்கு மூச்சு மீள வேண்டிய ஆக்சிஜன் வெந்நீரில் இருப்பதில்லை. பூமி சூடாகி வரும் காலத்தில் டிரவுட்டுக்கு எஞ்சியிருக்கும் வெப்பநிலை இடைவெளி மிகக் குறுகியது.

காலடியில் ஒரு தலைமுறை

இனி, இலையுதிர் காலத்துக்கே உரிய ஒரு செய்தி. இந்நாள்களில் ஹெப்ஜென் ஏரியிலிருந்து பெரிய பழுப்பு டிரவுட்கள் மாடிசனில் மேல்நோக்கி ஏறி வருகின்றன. இரைக்காக அல்ல, முட்டையிடுவதற்காக. பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் கூழாங்கற்களை அடித்து ஒரு குழி தோண்டுகிறது. மிளகு அளவுள்ள முட்டைகளை அதில் இடுகிறது. ஆண் மீன் அவற்றைக் கருவுறச் செய்ததும், மேற்புறமாக இன்னும் தோண்டிக் கற்களைத் தள்ளி மூடிவிடுகிறது. கற்களின் இடுக்குகள் வழியே ஊறிச் செல்லும் குளிர்ந்த நீர்தான் முட்டைகளுக்கு ஆக்சிஜன் தரும்.

10 பாகை நீரில் முட்டை பொரிய ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். 5 பாகையில் ஏறத்தாழ மூன்று மாதம். பொரித்த பின்பும் குஞ்சுகள் பல வாரங்கள் கற்களுக்கடியிலேயே இருக்கும். இத்தனை காலமும் அவற்றுக்கு ஓடி ஒளிய வழியில்லை. அந்தக் கற்களின் மேல் ஒரு மனிதக் கால் பதிந்தால்? அமெரிக்காவின் மொன்டானாவில் செய்யப்பட்டு 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. நாளைக்கு இருமுறை மிதிபட்ட படுகையில், பொரித்து வெளிவரும் வரையிலான காலத்துக்குள், நூற்றுக்கு 83-க்குக் குறையாமல் முட்டைகளும் குஞ்சுகளும் அழிந்தன. பொரிக்கும் தறுவாயில் ஒரே ஒரு முறை மிதித்ததே நூற்றுக்கு 43 வரை அழித்தது.

மிதித்தவர் எந்த மீனையும் கொல்ல நினைக்கவில்லை. பிடித்த மீனைக் கையை நனைத்துப் பிடித்து, நீரை விட்டு உயர்த்தாமல் பத்திரமாக விட்டவராகக் கூட இருக்கலாம். ஆனால் காலுக்கடியில் ஆயிரம் மீன்கள் இருந்ததை அவர் அறியவில்லை. அறிந்தவர் என்ன செய்வார்? சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, ஓரிடம் மட்டும் துடைத்து வைத்தது போல் வெளுத்திருந்தால், அது முட்டைக்குழி என்று கண்டு கொள்வார். அதைச் சுற்றிக் கொண்டு போவார். அங்கே காவல் நிற்கும் மீன்களின் மேல் தூண்டில் வீசவும் மாட்டார்.

நூலின் ஆற்றல், நீரின் தோல், ஒளியின் விலகல், கரைந்த ஆக்சிஜன் என்று இவ்வளவும் பார்த்தோம். இவை எல்லாம் கொக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித் தரும். காலை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்வதும் அதே அறிவுதான். இரண்டாவது பாடத்தைக் கற்காதவருக்கு முதல் பாடம் நெடுநாள் பயன்படாது. ஏனெனில், சில ஆண்டுகளில் வீசுவதற்கு ஆறு இருக்கும், மீன் இராது.

அடுத்த முறை ஓடைக்கோ ஏரிக்கோ போகும்போது, நீரில் இறங்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து அடித்தரையைப் பாருங்கள். அங்கே என்ன வாழ்கிறது என்று தெரிந்து கொண்ட பின் காலை வையுங்கள்.